அனுமதிக் கட்டணம் என்று கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள்

நேற்று மாலை வந்த மூன்று வரி மின்னஞ்சலைப் படித்த கோபம் தணியாத நிலையில்தான் இதை எழுதுகிறேன். மறைந்த எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை ஆறு ஆண்டுகள் உழைத்து எழுதி முடித்த நான், அச்சில் வராத அவருடைய கடிதங்களிலிருந்து சில பத்திகளை எடுத்தாள அனுமதி கேட்கப் போய், அவருடைய பதிப்புரிமையை நிர்வகிக்கும் குடும்ப அறக்கட்டளையிடம் என் நான்கு மாதச் சம்பளத்தைத் தொலைத்திருக்கிறேன்.

ஏமாந்த நேரம் எதுவென்று எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. முதல் சந்திப்பில் அறக்கட்டளையின் பொறுப்பாளர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, அந்த எழுத்தாளரின் மூக்குக் கண்ணாடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "உங்களைப் போல ஒருவர் வரமாட்டாரா என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தோம்" என்றார். எவருடைய எழுத்தைப் படித்து வளர்ந்தேனோ அவருடைய கண்ணாடி கையில் இருக்கும்போது, ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை. வாயால் கேட்டது 'அனுமதிக் கட்டணம்'. நான்கு மாதச் சம்பளத்தை அன்றைக்கே செலுத்தினேன். ரசீதில் 'பரிசீலனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று இருந்ததை வெகுநாள் கழித்தே கவனித்தேன்.

அதன்பின் பதினொரு மாதங்கள் அலைக்கழித்தார்கள். குடும்பத்தில் மூத்தவர் பயணத்தில் இருக்கிறார் என்றார்கள். அவர் திரும்பியதும் வழக்கறிஞர் பார்க்கவேண்டும் என்றார்கள். வழக்கறிஞரோ அப்படி ஒரு கோப்பு தம்மிடம் வரவேயில்லை என்றார். என் நூலின் கையெழுத்துப் படியை இருமுறை வாங்கிக்கொண்டு, காணவில்லை என்று மூன்றாம் முறையும் கேட்டார்கள், கொடுத்தேன். எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் அச்சுக்கு அனுப்ப முடியாது என்று பதிப்பாளர் கையை விரித்துவிட்டார். நேற்றைய பதில் இதுதான்: ஏழாம் இயலை முழுவதுமாக நீக்கினால் அனுமதி குறித்து யோசிக்கலாம், செலுத்திய தொகை பரிசீலனைக்கே சரியாகிவிட்டது.

ஏழாம் இயல் அவருடைய மணமுறிவைப் பற்றியது. அதில் அவர் எழுதிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை; நீதிமன்ற ஆவணங்களையும் உடனிருந்தவர்களிடம் நான் எடுத்த நேர்காணல்களையும் கொண்டு எழுதியது. பதிப்புரிமை ஒருவர் எழுதிய சொற்களுக்கு உண்டே தவிர, அவர் வாழ்க்கையில் நடந்தவற்றுக்கு இல்லை. தங்களுக்கு உரிமையில்லாத இயலை வெட்டுவதற்காக, உரிமையுள்ள கடிதங்களைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பணத்தைவிட இதற்குத்தான் வயிறு எரிகிறது. (பணத்துக்கும் எரிகிறது, நான்கு மாதச் சம்பளம்.)

இப்படி நடப்பது புதிதும் அல்ல. 1941இல் மறைந்த ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் உரிமைதாரர்கள் கொடுத்த நெருக்கடியால், அவருடைய மகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கரோல் ஷ்லாஸ் எழுதிய நூலிலிருந்து பல மேற்கோள்கள் நீக்கப்பட்டன. அவர் 2006இல் அமெரிக்க நீதிமன்றத்தை நாடினார்; வழக்கு சமரசத்தில் முடிந்து, 2009இல் உரிமைதாரர்கள் 2,40,000 டாலரை வழக்குச் செலவாகத் தர நேர்ந்தது. பணம் கட்டுவதற்கு முன் படித்திருக்க வேண்டியதை நேற்றிரவுதான் படித்தேன்.

விரிவான வழிமுறைகளை எழுதலாம் என்றே தொடங்கினேன், இப்போது பொறுமையில்லை. எந்தக் கடிதத்தின் எந்தப் பத்திக்கு அனுமதி என்பதை எழுதி வாங்காமல் பணம் கட்டாதீர்கள். கடிதத்தாள் யாரிடம் இருந்தாலும் அதைப் பதிப்பிக்கும் உரிமை பொதுவாக எழுதியவரின் வாரிசுகளுடையது. ஆகவே வாரிசுகள் எத்தனை பேர், கையெழுத்திடுபவருக்கு மற்றவர்கள் அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எழுத்தாளர் மறைந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்கிடுங்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி பாதுகாப்பு மறைவுக்குப் பின் குறைந்தது 50 ஆண்டுகள், பல நாடுகளில் 70. மேற்கோள் வரும் பக்கங்களை மட்டும் காட்டுங்கள், முழுப் படியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். என்னுடைய மூன்று படிகளும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன.