வாழைக்காய்க்கு ஒரு கத்தி, தேங்காய்க்கு ஒரு கத்தி

லாரிப் பட்டையில், அதாவது லாரியின் பாரம் தாங்கும் வில் பட்டை எஃகில், அடித்த அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிப் பாருங்கள். நாலைந்து துண்டுக்குள் கத்தியின் வாய் கருநீலமாகிவிடும், காயின் ஓரமும் கறுக்கும். காயின் துவர்ப்பில் இருக்கும் டானின் இரும்போடு சேர்வதால் வரும் கறை அது. எலுமிச்சை, மாங்காய் என்றாலும் இதே கதைதான். ஆகவே தினசரிக் காய்கறிக்கு எவர்சில்வர் கத்தியே என் தேர்வு. அதில் 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருப்பதால் புளிப்பும் துவர்ப்பும் அண்டாது.

எவர்சில்வரிலும் இரண்டு வழி உண்டு. ஜெர்மன் சமையல் கத்திகளில் பெரும்பாலும் கார்பன் 0.5 சதவீதம், குரோமியம் 15 சதவீதம். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை. ஜப்பானின் விஜி-10 எஃகில் கார்பன் ஒரு சதவீதம், கடினம் 60-ஐத் தொடும். தக்காளித் தோலில் வைத்தாலே இறங்கும், அந்தக் கூர் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் கடினம் கூடக்கூட அடி தாங்கும் குணம் குறையும். ஊறுகாய்க்கு மாங்காயைக் கொட்டையோடு வெட்டியபோது என் விஜி-10 கத்தியின் வாயில் பிறை மாதிரி ஒரு சில்லு பெயர்ந்தது. அதைச் சரிசெய்ய ஒரு மாலை முழுக்கச் சாணைக்கல்லில் தேய்க்க வேண்டியிருந்தது. ஜெர்மன் கத்தியென்றால் வாய் கொஞ்சம் மடங்கியிருக்கும், அவ்வளவுதான். மழுங்கினாலும் பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில் நாலு இழுப்பு போதும், வேலைக்குத் தயார். வீட்டில் பலரும் எடுத்துப் புழங்கும் கத்தி அப்படித்தான் இருக்க வேண்டும். விஜி-10 வாங்குவதென்றால் கூடவே ஒரு சாணைக்கல்லும் வாங்குங்கள், தீட்டவும் பழகுங்கள்.

கடல்மீன் கழுவி அறுக்கவும் எவர்சில்வர்தான் சரி, உப்புத் தண்ணீரில் சாதா எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சரி, தேங்காய், ஆட்டெலும்பு, விறகு? இங்கே லாரிப் பட்டையை மிஞ்ச ஆளில்லை. வண்டியின் பாரத்தில் வளைந்து வளைந்து நிமிரவே செய்த எஃகு அது. கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பட்டறையில் தோய்ச்சல், அதாவது காய்ச்சிய எஃகை முக்கிக் குளிர்விப்பதை, சரியாகப் போட்டால் ஓங்கி வெட்டினாலும் வாய் உடையாது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இவ்வளவு பேர் கிடைத்ததற்கு அங்குள்ள கொல்லர்களின் பதமே காரணம் என்று நினைக்கிறேன். துருதான் இதற்கு எதிரி. வெட்டி முடித்ததும் ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.