பத்து வருடமாக ‘அடையாளம் தெரியாத நெட்வொர்க்’

போன வாரம் மச்சினன் போன் செய்தான். வீட்டில் புதிதாக ஒரு டெஸ்க்டாப் வாங்கியிருக்கிறான், ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருக்கிறது. “அத்தான், நீங்க ரவுட்டர் இல்லாம ரெண்டையும் நேரா வைஃபைல சேத்து வச்சிருக்கீங்கள்ல, அது எப்படி ஓடுது? நானும் அதையே செய்யட்டுமா?” என்றான். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் என் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் உயிரை விட்டு, புதிது வாங்கி, இரவு ஒன்றரை மணி வரை அதனோடு மல்லுக்கட்டியிருந்தேன். “வேண்டாம் மாப்ளே” என்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அது நியாயமாகப் படவில்லை. 2014இலிருந்து என் பிழைப்பு இதன் மேல்தான் ஓடுகிறது.

எங்களுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் வேலை. கீழே டெஸ்க்டாப்பில் நான் போட்டோக்களைத் திருத்துவேன். மாடியில் லேப்டாப்பில் மனைவி பக்கங்களை அமைப்பார். 12க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐ, லேயர்களோடு சேர்த்தால் ஒரு ஷீட்டே 300 எம்பிக்குக் குறையாது. நாற்பது ஷீட் ஆல்பம் என்றால் 12 ஜிபி. ஒரு காலத்தில் இதையெல்லாம் பென்டிரைவில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கியவன் நான். ஸ்டூடியோக்காரர்கள் கொடுத்த பென்டிரைவோடு ஷார்ட்கட் வைரஸும் இலவசமாக வந்து, இரண்டு கணினியையும் ஒரே வாரத்தில் படுக்க வைத்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி காற்று வழிதான். கேபிள் இழுக்கலாமே என்று கேட்பீர்கள். வாடகை வீடு. காலண்டர் மாட்ட ஆணி அடித்ததற்கே வீட்டுக்காரர் ஒரு மாதம் பேசவில்லை, கான்கிரீட்டில் துளை போட விடுவாரா?

அப்போது இருந்தது விண்டோஸ் 7. அதில் அட்ஹாக் நெட்வொர்க், அதாவது ரவுட்டர் இல்லாமல் கணினிகள் நேருக்கு நேர் பேசும் வைஃபை, அமைக்க மெனுவிலேயே வழி இருந்தது. பெயர் கொடு, சாவி கொடு, ‘இந்த நெட்வொர்க்கைச் சேமி’ என்ற கட்டத்தில் டிக் அடி. அந்த டிக்கை மறந்தால் எல்லோரும் விலகியதும் நெட்வொர்க்கே காணாமல் போய்விடும். ஒரு கணினிக்கு 192.168.5.1, இன்னொன்றுக்கு 192.168.5.2 என்று நானே முகவரி எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதாமல் விட்டால் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒரு முகவரியை அதுவாகவே எடுத்துக்கொள்ளும். அதிலும் வேலை நடக்கும், ஆனால் எண் மனதில் நிற்காது. வேகம்தான் கொடுமை. பெயருக்கு 54 எம்பிபிஎஸ், கையில் வந்தது நொடிக்கு இரண்டரை எம்பி. ஓர் ஆல்பம் மாடி ஏற ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். ராத்திரி காப்பி போட்டுவிட்டுப் படுத்துவிடுவோம்.

இதெல்லாம் எனக்குக் குறையே இல்லை. என் தகராறு வேறு.

முதல் நாளே, எல்லாம் இணைந்து, சிக்னல் ஐந்து கோடும் நிற்கிறது. நான் கீழிருந்து மாடிக்கு பிங் கொடுக்கிறேன், ‘இருக்கிறாயா’ என்று கேட்கிற சோதனைச் செய்தி அது, பதில் இல்லை. “என்னங்க, வந்துச்சா?” என்று மேலிருந்து குரல். வரவில்லை. மாடியிலிருந்து எனக்குக் கொடுக்கச் சொன்னேன், அதுவும் இல்லை. இரண்டும் இணைந்திருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று பார்க்க மாட்டேன் என்கின்றன. கடைசியில் ஐகானைத் தட்டினால் ‘அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க் – பப்ளிக்’ என்று எழுதியிருக்கிறது. என் வீட்டுக்குள், என் கையால் பெயர் வைத்த நெட்வொர்க், எனக்கே அடையாளம் தெரியாததாம்! பேருந்து நிலையத்து இலவச வைஃபைக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுத்து, வெளியாட்களைத் தடுக்கிற ஃபயர்வால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

காரணம் புரிய எனக்கு வெகுநாள் ஆனது. விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை நாம் வைத்த பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை, அங்கே இருக்கிற கேட்வேயின், அதாவது வெளியே போகிற வாசலாக நிற்கும் ரவுட்டர் மாதிரி கருவியின், மேக் முகவரியை (அதன் வன்பொருள் எண்ணை) வைத்துக் காண்கிறது. இரண்டு கணினி நேருக்கு நேர் பேசும்போது கேட்வே ஏது? வாசலே இல்லாத வீட்டுக்குக் கதவிலக்கம் கேட்கிற கதை. வாசல் இல்லையென்றால் அடையாளம் இல்லை, அடையாளம் இல்லையென்றால் பப்ளிக், பப்ளிக் என்றால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வரக் கூடாது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், தப்பென்று சொல்ல முடியாது. ரயில் நிலையத்தில் லேப்டாப்பைத் திறக்கிறவருக்கு அது நல்லது. நான் ரயில் நிலையத்தில் இல்லையே!

வழிகள் உண்டு. விண்டோஸின் ப்ரோ எடிஷனில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி என்ற அமைப்புக்குள் போய், அடையாளம் தெரியாத நெட்வொர்க்கெல்லாம் பிரைவேட் என்று ஒரு தடவை மாற்றினால் போதும். ஹோம் எடிஷனில் அந்த ஜன்னலே கிடையாது. எங்கள் லேப்டாப் ஹோம். ஒருவர் சொன்னாரென்று எதிர்க் கணினியின் முகவரியையே கேட்வே என்று பொய்யாக எழுதிப் பார்த்தேன். அடையாளம் கிடைத்துவிட்டது, ஆனால் போன் வழியாக வந்துகொண்டிருந்த நெட் வழி தெரியாமல் நின்றுவிட்டது. பவர்ஷெல் என்ற கட்டளை ஜன்னலில் ஒரு வரி அடித்தால் பிரைவேட் ஆகும், மறுநாள் காலை பழையபடி பப்ளிக். இரண்டு வருடம் மனைவி தினமும் அந்த வரியை அடித்தார். காபி போடுகிற மாதிரி அதுவும் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அப்புறம் ஒருநாள்தான் உறைத்தது. கோப்புறையைப் பகிர்கிற கணினி பிரைவேட்டாக இருந்தால் போதும். அங்கே போய் எடுக்கிறவர், வைக்கிறவர் பப்ளிக்காக இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, ஏனென்றால் ஃபயர்வால் தடுப்பது உள்ளே வருவதைத்தான். அதனால் எல்லாப் பகிர்வையும் ப்ரோ இருக்கிற டெஸ்க்டாப்பில் மட்டும் வைத்தேன். மாடியிலிருந்து அவரே வந்து எடுப்பார், முடித்ததை அவரே வந்து வைப்பார். கணினிப் பெயரைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராக \\192.168.5.1 என்று அடித்துவிடுவது. பவர்ஷெல் வரி அன்றோடு ஒழிந்தது. “இதை ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

விண்டோஸ் 10க்கு மாறியபோது பழைய அட்ஹாக் மெனு இல்லை. கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஷெல் கட்டளை போட்டு, டெஸ்க்டாப்பையே மற்றவை வந்து சேர்கிற ஒரு குட்டி வைஃபை மையம் (ஆக்சஸ் பாயின்ட்) ஆக்கினேன். ஹோஸ்டட் நெட்வொர்க் என்பார்கள். ஒவ்வொரு தடவை ரீஸ்டார்ட் செய்த பிறகும் அட்மின் உரிமையோடு அதை எழுப்பிவிட வேண்டும். தட்டினால் கட்டளைகளை வரிசையாக ஓட்டுகிற ஒரு பேட்ச் ஃபைல் எழுதி முகப்பில் போட்டுக்கொண்டேன். அது ஐந்தாறு வருடம் சத்தமில்லாமல் ஓடியது.

இடையில் ஒரு வருடம் ஃபைபர் இணைப்பு எடுத்தோம். கம்பெனிக்காரர்கள் கொடுத்த ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். இனிமேல் ராஜபோகம் என்று இரண்டு கணினியையும் அதில் கோத்தேன். நொடிக்கு நாலு எம்பியைத் தாண்டவில்லை. இரண்டு பக்கமும் வைஃபை என்றால் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு தடவை பறக்கிறது, கீழிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஒன்று. இருப்பதோ ஒரே சேனல், அதை இரண்டு பயணமும் பங்கு போட வேண்டும். நேரடி இணைப்பில் ஒரே தாவல், பழைய அட்ஹாக் போலில்லாமல் ஹோஸ்டட் நெட்வொர்க் இந்த நாலு எம்பியை ஜெயித்தது. ரவுட்டரை நெட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு பழைய இணைப்புக்கே திரும்பினேன். அந்தச் சின்ன வெற்றி இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. “இப்படி வைஃபைல அனுப்பினா டேட்டா தீராதா?” என்று மாமியார் இன்னும் கேட்கிறார். வெளியே போனால்தானே தீரும், இது வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது என்றால் நம்ப மாட்டார்.

சரி, இந்த மாதக் கதைக்கு வருகிறேன். பழைய அடாப்டர் போனது. கடையில் ஏசி600 வகை ஒன்று கொடுத்தார்கள், 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும். அதை இயக்கும் டிரைவர் மென்பொருளின் விவரத்தைக் கேட்டால் ஹோஸ்டட் நெட்வொர்க் ஆதரவு ‘நோ’ என்கிறது. என் பேட்ச் ஃபைல் செல்லாக்காசு. புது டிரைவர்களில் பலவும் இப்படித்தான், விண்டோஸில் இருக்கிற மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாகத்தான் வர வேண்டுமாம். அதைப் போட்டால், பகிர்வதற்கு முதலில் ஏதாவது இணைப்பு வேண்டும் என்று அது கேட்கிறது. எனக்கு நெட் பகிர வேண்டாமய்யா, கோப்பு பகிர வேண்டும்! போனை யுஎஸ்பியில் செருகி, போன் நெட்டைக் கணினிக்குக் கொடுக்கிற டெதரிங் போட்டதும் சமாதானமானது. யாரும் சேராமல் கொஞ்ச நேரம் விட்டால் தானே அணைந்துவிடும் பழக்கம் வேறு. அதை அமைப்பில் நிறுத்தலாம், நிறுத்தினேன். கணினி முகவரியும் 192.168.137.1 ஆகிவிட்டது. மாடியில் இருந்த ஷார்ட்கட்டெல்லாம் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

வேகம் முதலில் சோதித்தபோது எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. 2.4இல் போட்டிருந்தேன், அடாப்டருக்குப் பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 3.0 ஓடும்போது அதே 2.4 அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்பது தெரிந்த சங்கதி, எனக்குத்தான் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. டிராயரில் சும்மா கிடந்த ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் அடாப்டரை மாட்டி, கேபினட் தகரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்து, ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டால் கட்டினேன். பட்டையையும் 5க்கு மாற்றினேன். நொடிக்கு 25 எம்பி. முகூர்த்த ஆல்பம் முழுதும் எட்டு நிமிடத்தில் மாடிக்குப் போய்விட்டது. மணி ஒன்றரை. மேலே மனைவி தூங்கிவிட்டிருந்தார், சொல்லக்கூட ஆளில்லை.

ஆக, மச்சினனுக்கு என் சிபாரிசு? ரவுட்டர் இல்லாமல், மாதச் சந்தா இல்லாமல், பத்து வருடம் சோறு போட்ட ஏற்பாடு இது. சாதாரண ரவுட்டரை வேகத்தில் ஜெயித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் வேண்டாம் என்றுதான் மறுபடி சொன்னேன். அவனுடையது சொந்த வீடு, இரண்டு கணினியும் ஒரே அறையில். பத்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி இரண்டு முனையையும் நேராகச் செருகு, இப்போதைய கணினிகளுக்கு, முனைகளில் கம்பிகளை மாற்றிக் கோத்த கிராஸ் கேபிள்கூட வேண்டாம், நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் வரும் என்றேன்.

நேற்று திரும்பக் கூப்பிட்டான். கேபிள் போட்டாச்சாம், விளக்கு எரிகிறதாம். “ஆனா அத்தான், இதுல என்னமோ அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்குன்னு வருதே?”

கேபிளிலும் கேட்வே கிடையாதே, அது எனக்குத் தோன்றவே இல்லை. எந்த எடிஷன் என்று கேட்டேன். ரெண்டுமே ஹோம் என்றான்.