காலடிப்பேட்டை டு கிண்டி: மெட்ரோவில் சில வருடங்கள்

வீடு காலடிப்பேட்டையில், வேலை கிண்டியில். நடுவில் மொத்தச் சென்னையும் கிடக்கிறது.

முன்பெல்லாம் திருவொற்றியூர் ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோ. கும்மிடிப்பூண்டி லைன் வண்டியில் மூர் மார்க்கெட் ஸ்டேஷன். சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி பார்க் ஸ்டேஷன். அங்கிருந்து தாம்பரம் வண்டி. பேசின் பிரிட்ஜ் பக்கம் சிக்னல் விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒன்றே முக்கால் மணி நேரம் என் வாழ்க்கையில் தினமும் இரண்டு முறை கழிந்தது.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவை நீட்டினார்கள். 9 கிலோமீட்டர்தான், ஆனால் எங்களுக்கு ஊரே கிட்டே வந்த மாதிரி இருந்தது. வண்டி மாறவே வேண்டாம். தண்டையார்பேட்டையில் பூமிக்குள் போகிற வண்டி சைதாப்பேட்டை தாண்டித்தான் வெளிச்சத்துக்கு வரும். அடுத்த சில நிமிடங்களில் கிண்டி. ஏறி இறங்க முக்கால் மணி நேரம். மழை நாளில் இதன் அருமை இன்னும் தெரியும். (காலடிப்பேட்டையில் யார் காலடியும் இல்லை. காலட் என்ற பழைய மதராஸ் கவர்னர் பெயர்தான் நம் வாயில் இப்படி ஆனது. ஸ்டேஷன் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.)

காசு விஷயம் வேறு. அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ஆனதும், க்யூஆர் டிக்கெட்டுக்கு 20 சதவீதத் தள்ளுபடி இருப்பதும் நல்லதுதான். ஆனாலும் பழைய மாத சீசன் டிக்கெட் காசு இங்கே ஒரு வாரத்துக்குத் தாங்காது. மீன் கூடையோடு வந்த அக்காக்கள் யாரையும் இந்த வண்டியில் நான் பார்த்ததில்லை.

பழகப் பழகத்தான் ஒன்று புரிந்தது: வேகத்தைவிட இடைவெளிதான் முக்கியம். கூட்ட நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவே 3 நிமிடத்துக்கு ஒரு வண்டி. விம்கோ நகர் வரை வருவது 6 நிமிடத்துக்கு ஒன்றுதான். சாயங்காலம் கிண்டியில் வருகிற முதல் வண்டியில் அவசரமாக ஏறிவிட்டால் வண்ணாரப்பேட்டையில் இறக்கிவிடுவார்கள். பின்னால் வருகிற வண்டியில் உட்கார இடம் இருக்காது. போர்டில் ‘விம்கோ நகர்’ என்று பார்த்த பிறகே ஏறுங்கள். கூட்டம் அந்தப் பக்கம் அதிகம், கணக்கு நியாயம்தான். இருந்தாலும் பாதி வண்டி நம் ஊரைத் தொடாமலே திரும்பும்போது மனசு கொஞ்சம் சுருங்கும்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டர் கட்டுகிறார்கள். மாதவரத்திலிருந்து மட்டும் இரண்டு தடங்கள் கிளம்புகின்றன. பொறாமையாகத்தான் இருக்கிறது.

அம்மா மட்டும் மெட்ரோவுக்கு வருவதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே. பாரிமுனைக்கு நான் கூப்பிட்டால், “நீ போய்ச் சேருடா, நான் பஸ்ல பின்னாடியே வரேன்” என்கிறாள்.