கிரவுன் ஆயில்: மேலே ஊற்றினால் போதுமா, இறக்கி மாற்ற வேண்டுமா?

பிக்-அப் வைத்திருப்பவர்களில் இன்ஜின் ஆயிலை நாள் தவறாமல் பார்ப்பவர்கள்கூடப் பின் ஆக்சில் நடுவில் இருக்கும் அந்த உருண்டையை, அதாவது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கிரவுனை (டிஃபரன்ஷியலை), குனிந்து பார்ப்பதில்லை. அதற்கு டிப் ஸ்டிக் கிடையாது. ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கும் எரியாது. பின்பக்கம் உறுமல் கேட்ட பிறகுதான் "கிரவுன்ல ஆயில் இருக்கா?" என்று யோசிக்கிறோம். அப்போது நம் முன் இரண்டு வழிகள் இருக்கும்: குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்புவது, அல்லது பழையதை முழுக்க இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுவது.

டாப்-அப் சுலபம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹவுசிங் (கிரவுனின் வெளிக்கூடு) பக்கவாட்டில் ஆயில் ஊற்றும் துளையை மூடியிருக்கும் ஃபில்லர் நட்டைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டு மடக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் வழியும் வரை ஊற்றி மூட வேண்டியதுதான், கால் மணி நேர வேலை. சமீபத்தில் ஆயில் மாற்றி, பிறகு சீல் மாற்றும்போது கொஞ்சம் போயிருந்தால் இதுவே சரியான வழி.

ஆனால் இன்ஜின் ஆயில் போல இது எரிந்து குறையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகியிருக்கிறது. முதலில் ஆக்சில் மேலே இருக்கும், உள்காற்று வெளியேறும் சிறு வழியான பிரீதரைப் பாருங்கள். அது சேறு அடைத்துக் கிடந்தால், சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் கிரவுனைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். சக்கரப் பக்கத்துச் சீல் விட்டால் ஆயில் பிரேக் டிரம்முக்குள் போகும். லோடு ஏற்றிய வண்டியில் அது உயிர் விஷயம். காரணம் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதை நான் பராமரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

முழு மாற்றத்தின் பக்கம் என்னைத் திருப்பியது 2023 டிசம்பர் மிக்ஜாம் மழை. சென்னையில் என் காய்கறி வண்டி ஆக்சில் முழுக எட்டு மணி நேரம் தண்ணீரில் நின்றது. அப்புறம் விரல் விட்டுப் பார்த்தால் அளவு துளை வரை சரியாக இருந்தது. டாப்-அப் கணக்கில் அந்த வண்டி பாஸ். மனம் கேட்காமல் ஆயில் இறக்கும் கீழ் நட்டைத் தளர்த்தினேன். முதலில் ஒரு டம்ளர் அளவு கலங்கல் தண்ணீர் வந்தது, பிறகுதான் பால் காபி நிறத்தில் ஆயில் இறங்கியது. தண்ணீர் கனமானது, அடியில் தங்கி ஆயிலை மேலே தூக்கிக் காட்டியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இறக்கும்போது, கீழ் நட்டில் காந்தம் இருந்தால் அதையும் துடைத்துப் பாருங்கள். மை போன்ற சாம்பல் நிறக் குழைவு இருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் துணுக்கு, பல்லின் ஓரம் மாதிரி ஏதாவது கிடைத்தால் ஆயில் மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை, கிரவுனைத் திறந்தே ஆக வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: மேல் (ஃபில்லர்) நட் கழன்ற பிறகுதான் கீழ் நட்டில் கை வைக்க வேண்டும். ஒரு பட்டறையில் முதலில் கீழே இறக்கிவிட்டார்கள். மேல் நட்டின் முனை மழுங்கிச் சுற்றிக்கொண்டதால், ஊற்ற வழியில்லாமல் வண்டி அன்றிரவு லோடோடு அங்கேயே கிடந்தது. டொயோட்டா ஹைலக்ஸில் கீழ் நட் இருக்கிறது. அமெரிக்க பிக்-அப்கள் பலவற்றில் அது கிடையாது, பின்மூடியையே கழற்ற வேண்டும். வேலை அதிகம்தான், ஆனால் பற்களைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

சரி, எந்த ஆயில்? பினியன் இங்கே பெரிய கிரவுன் பல்சக்கரத்தின் மையத்துக்குக் கீழே அமைவதால் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கும் கந்தகச் சேர்மானம் ஜிஎல்-5 என்ற தரக் குறியீடு போட்ட கியர் ஆயிலில்தான் போதிய அளவு இருக்கிறது. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை அதனால்தான். கியர் பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 மீதியை இதில் ஊற்றாதீர்கள்.

டின்னில் 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று போட்டிருப்பது ஆயிலின் கெட்டித்தன்மை: முன் எண் குளிருக்கு, பின் எண் சூட்டுக்கு. இந்த இரண்டில், மேனுவல் வேறு சொல்லாதவரை என் கை 90 பக்கம்தான் போகும். 100 டிகிரி சூட்டில் 90-இன் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ், 140-க்கு 24 முதல் 32.5. சத்தம் வந்தால் 140 ஊற்றச் சொல்வார்கள். சத்தம் அடங்கலாம், தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். 75டபிள்யூ-90 சிந்தெடிக் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் அதன் முன்பாதி எண் சொல்வது மைனஸ் 40 டிகிரிக் குளிரை. நம் ஊர் லோடு வண்டிக்கு அந்தக் கூடுதல் காசில் மினரல் ஆயிலையே சீக்கிரம் சீக்கிரம் மாற்றிக்கொள்வேன்.

மூடும்போது வாஷரைப் புதிதாகப் போட்டு, ஹவுசிங்கை வெளியே நன்றாகத் துடைத்துவிடுங்கள். மறுநாள் ஓடி வந்ததும் அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். கசிவு இருந்தால் காலையில் அதில் சொட்டு தெரியும்.