மணமகள் வராத மணவிழா: ஒஷிமாவின் ‘கிஷிகி’

நாகிசா ஒஷிமா 1971இல் இயக்கிய ‘கிஷிகி’ என்னும் ஜப்பானியப் படத்தை அண்மையில் டிவிடியில் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். தலைப்புக்குச் சடங்கு என்று பொருள். சகுராதா என்ற பெருங்குடும்பம் திருமணங்களுக்கும் இறுதிச் சடங்குகளுக்கும் கூடும்போதெல்லாம் என்ன நடக்கிறது என்பதைக் காட்டியே இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கால் நூற்றாண்டை இப்படம் சொல்லிவிடுகிறது.

போர்க்காலத்தில் ஜப்பானின் பிடியிலிருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியாவிலிருந்து 1947இல் தாயுடன் திரும்பும் அக்குடும்பத்துச் சிறுவன் மசுவோவின் நினைவுகளாகக் கதை விரிகிறது. அங்கே புதைத்துவிட்டு வந்த தம்பியின் மூச்சு கேட்கிறதா என்று அவன் தரையில் காதை வைத்துக் கேட்பான்; வளர்ந்த பின்னும் அந்தப் பழக்கம் அவனை விடுவதில்லை.

அந்தக் காலத்தின் சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் படத்தின் கூர்மை இன்னும் விளங்கும். 1947இல் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் திருத்தப்பட்ட குடிமைச் சட்டம், குடும்பத் தலைவருக்குப் பிறர்மேல் இருந்த அதிகாரத்தை நீக்கியது. ஆனால் சகுராதா வீட்டில் தாத்தா கசுவோமி எப்போதும்போல நடுவிடத்தில் அமர்ந்திருக்கிறார். கம்யூனிஸ்டான மகன் உட்பட அனைவரும் அவருக்குக் கீழே, தத்தம் இடமறிந்து வரிசையாக அமர்கிறார்கள். அந்த வரிசைகளை நேர்முகமாக, அசையாமல் பார்க்கும் ஒளிப்பதிவு, சட்டம் தொடாத இடம் எது என்பதை வசனமின்றியே உணர்த்துகிறது.

மசுவோவின் திருமணக் காட்சிக்காக மட்டுமே இப்படத்தைப் பார்க்கலாம். மணமகள் வரவில்லை. ஆயினும் விருந்தினர் வந்துவிட்டனர் என்பதால் விழா நடந்தே தீர வேண்டும் என்கிறார் தாத்தா. மணமகளுக்கு உடல்நலமில்லை என்று அறிவித்துவிட்டு, வெற்றிடத்தின் அருகே மணமகனை நிறுத்தி, வாழ்த்துரைகளும் குறைவின்றி நடக்கின்றன. அன்றிரவு அவன் தலையணையையே மணமகளாகப் பாவித்து அணைத்துக்கொள்கிறான். முதல் முறை இக்காட்சியில் எனக்குச் சிரிப்பு வந்தது. இம்முறை, அவனைச் சுற்றி நின்று பார்க்கும் உறவினரின் முகங்களைக் கவனித்ததால், சிரிக்க முடியவில்லை. தோரு தாகெமிட்சுவின் இசையும் இந்த இறுக்கத்தைச் சற்றும் தளர்த்துவதில்லை.

குறையும் உண்டு. இக்குடும்பத்துப் பெண்களான செட்சுகோவும் ரிட்சுகோவும் ஆண்களின் ஏக்கத்துக்கும் வன்முறைக்கும் உரியவர்களாகவே பெரும்பாலும் வருகிறார்கள். அவர்கள் உள்ளத்தில் ஓடியது என்ன என்று அறியும் பொறுமை இயக்குநருக்கு இல்லை. ஒரு குடும்பத்தின் கொடுமையை இவ்வளவு நுட்பமாகக் கண்டவர், அதை மிகுதியாகச் சுமந்தவர்களைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டது எனக்கு வருத்தம்.

உறவுமுறைகள் சிக்கலானவை, யாருக்கு யார் தந்தை என்பதே சில இடங்களில் ஐயமாக விடப்பட்டிருக்கிறது. முதல் அரை மணி நேரம் பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு பார்ப்பது நல்லது. இரண்டு மணி நேரத்தையும் இடைவிடாமல் ஒரே அமர்வில் ஒதுக்க முடிந்த நாளில் பாருங்கள்.