அமியோடரோன் 200 மில்லிகிராம் குளிசை: 16 மாதப் பாவனைக்குப் பின்னர்

இதயத் துடிப்பைச் சீராக்குவதற்கென வைத்தியர் எழுதித் தந்த அமியோடரோன் குளிசையை நான் 16 மாதங்களாக உட்கொண்டு வருகிறேன். வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த மூன்று பேர் இதே குளிசையை எடுக்கிறார்கள். வெயிலைப் பற்றியோ தைரொயிட்டைப் பற்றியோ தங்களுக்கு ஒருவரும் விளக்கவில்லை என்று மூவருமே சொன்னதால்தான் இதனை எழுத நினைத்தேன்.

பலனை முதலில் சொல்ல வேண்டும். 2019இல் எனக்கு மாரடைப்பு வந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் ஏட்ரியல் பிப்ரிலேசன் எனப்படும் ஒழுங்கற்ற துடிப்பு தொடங்கியது. இரவில் இடப்பக்கம் சரிந்து படுத்தால் வலையில் அகப்பட்ட மீனைப் போல நெஞ்சுக்குள் ஒன்று துள்ளும். பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். முதலில் தந்த பிசோபுரோலோல் என்ற மருந்து துடிப்பின் வேகத்தைக் குறைத்ததே தவிர ஒழுங்கைத் திருப்பித் தரவில்லை. பிளெக்கனைட் என்றொரு மருந்து இருந்தாலும், மாரடைப்பால் தழும்பேறிய இதயத்துக்கு அது ஆபத்தானது என்பதால் வைத்தியர் அமியோடரோனைத் தெரிவு செய்தார். முதல் வாரம் நாளொன்றுக்கு மூன்று, இரண்டாம் வாரம் இரண்டு, அதன் பின்னர் ஒன்று என்பது கணக்கு. ஐந்தாம் வாரம் எடுத்த ஈ.சி.ஜி. தாளில், ஒவ்வொரு உயர்ந்த கோட்டுக்கும் முன்னால் காணாமற்போயிருந்த சிறிய மேடு திரும்பவும் தெரிந்தது. வைத்தியர் பேனை முனையால் அதைத் தொட்டுக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இனி இதன் இயல்பு. 1961இல் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்கென உருவாக்கப்பட்ட இந்த மருந்து, பின்னர்தான் துடிப்புக் கோளாறுகளுக்குப் பயன்படத் தொடங்கியது. இதன் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அயடீன் ஆகும். ஒரு குளிசையிலிருந்து நாளொன்றுக்கு உடலுக்குள் விடுபடும் அயடீன் ஏறத்தாழ 6 மில்லிகிராம். நமக்கு நாளாந்தம் தேவைப்படுவதோ 150 மைக்ரோகிராம் மட்டுமே. அது மட்டுமன்றி, மருந்து கொழுப்பில் படிந்து தங்கிவிடுவதால், உடலில் உள்ளதில் பாதி வெளியேறுவதற்கே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் செல்லலாம். பக்கவிளைவுகள் பிந்தி வருவதற்கும், வந்தால் இலகுவில் போகாமல் நிற்பதற்கும் இதுவே காரணம்.

எனக்கு முதலில் வந்தது வெயிலால். நான் செல்லும் அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் அப்போது இருப்பு இல்லாததால், காலி வீதியிலுள்ள ஒரு பெரிய மருந்தகத்தில் வாங்கினேன். பழுப்பு உறையின் மேல் 1-1-1 என்று எழுதி, பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்; ஒரு சொல் விளக்கம் இல்லை. மாலையில் கோட்டையிலிருந்து வீடு திரும்பும்போது ரயிலில் கடற்பக்க யன்னலோரம் உட்காருவது என் நெடுநாள் பழக்கம். இரண்டாம் மாதம் வலது முன்கை, சட்டைக் கை முடியும் இடத்தில் கோடு போட்டாற்போல, சிவந்து எரியத் தொடங்கியது. மருந்து தோலிலும் படிவதால் சூரிய ஒளி அதனை எளிதில் சுட்டுவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் எடுத்தால் முகம் நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறுவதும் உண்டு. இந்த ஒளி யன்னற் கண்ணாடியையும் ஊடுருவக் கூடியது. இப்போது நான் முழுக்கைச் சட்டை அணிகிறேன், சிங்க் ஒக்சைட் சேர்ந்த களிம்பு பூசுகிறேன், ரயிலில் தரைப்பக்கமாக உட்காருகிறேன். கொழும்பு வெயிலில் நடமாடும் ஒருவருக்கு இந்த ஒரு தகவலைச் சொல்லாமல் குளிசையைக் கொடுப்பது பெரும் தவறு என்பதே என் உறுதியான கருத்து.

அயடீனைக் கொண்டு இயங்கும் கழுத்துச் சுரப்பியான தைரொயிட்டின் விடயம் ஓசையில்லாமல் வந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம், ஊரே புழுங்கிக்கொண்டிருக்க, நான் போர்வையைத் தேடினேன். "ஏன் ஃபேனை நிப்பாட்டினீங்கள்? எனக்கு வேர்த்துக் கொட்டுது" என்று மனைவி கேட்டபோதுதான் எனக்கு மட்டும் குளிர்கிறது என்பது புரிந்தது. உடல் அசதியையும் மலச்சிக்கலையும் வயதின் கணக்கில் எழுதியிருந்தேன். இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் குறைவாகச் சுரப்பது தெரியவந்து, இப்போது காலைத் தேநீருக்கு அரை மணித்தியாலம் முன்னதாக, அந்தக் குறையை ஈடுசெய்யும் லெவோதைரொக்சின் எடுக்கிறேன். சிலருக்கு இதற்கு மாறாக அதிகம் சுரந்து உடல் மெலிவதும் உண்டு. தைரொயிட்டுக்கும் ஈரலுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான். அதனைத் தவறவிடவே கூடாது.

இரவில் தெருவிளக்குகளைச் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது. விழியின் முன்படலத்தில் நுண்ணிய படிவுகள் இருப்பதாகவும், பார்வைக்குப் பாதிப்பு இல்லை என்றும் கண் வைத்தியர் கூறினார். பார்வை திடீரென மங்கினால் தாமதிக்காமல் வர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

மற்றைய மருந்துகளோடு இது எப்படிச் சேர்கிறது என்பதுதான் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வார்ஃபரினின் வீரியத்தை இது கூட்டிவிடும். என் வைத்தியர் அதை முன்கூட்டியே 5 மில்லிகிராமிலிருந்து 3 ஆகக் குறைத்து, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை வாரந்தோறும் பார்க்கச் செய்தார். கொலஸ்ட்ரோலுக்கான சிம்வாஸ்டட்டினும் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இவற்றையெல்லாம் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் ஒரு நாள் என்னைக் காப்பாற்றியது. கடந்த மாரி காலத்தில் வரட்டு இருமல் வந்து, வீட்டுக்கு அருகிலுள்ள வைத்தியரிடம் போனேன். கொப்பியை எடுத்துச் செல்லவில்லை. அவர் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதித் தந்தார். எங்கள் ஒழுங்கையிலுள்ள சிறிய மருந்தகத்தில், மேசைக்குப் பின்னால் இருவர் நிற்கவே இடம் போதாத அந்தக் கடையில், மருந்தாளர் துண்டைப் பார்த்துவிட்டு வேறென்ன குளிசைகள் எடுக்கிறேன் என்று கேட்டார். வீட்டிலிருந்து கொப்பி வந்தது. முதற்பக்கத்தை விரலால் வரிவரியாக வாசித்தவர், "ஐயா, இது உங்கட இருதயக் குளிசையோட சேராது. டொக்டரிட்டக் கேட்டிட்டுத் தாறன், கொஞ்சம் இருங்கோ" என்றார். இரண்டும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறே உண்டாகலாம் என்று பின்னர் விளக்கினார். தொலைபேசியில் பேசி அமொக்சிசிலினுக்கு மாற்றியதோடு, அமியோடரோன் எடுப்பவருக்கு வரட்டு இருமல் வந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவரே வைத்தியருக்கு நினைவூட்டினார்.

நெஞ்சு எக்ஸ்றே தெளிவாக இருந்தது. இருமலும் பத்து நாளில் நின்றது. துடிப்பு நிலைத்து நிற்பதால் இப்போது எனக்கு அரைக் குளிசைதான். நடுவில் கோடு இருந்தாலும் கத்தியால் வெட்டும்போது தூளாக உதிர்வதை அந்த மருந்தாளரிடம் சொன்னேன். அவர் குளிசை வெட்டும் சிறிய பெட்டி ஒன்றை வரவழைத்துத் தந்தார். எப்போதும் சாப்பாட்டோடு, ஒரே நேரத்தில், இயன்றவரை ஒரே கம்பனியின் குளிசையையே எடுக்கும்படியும் சொன்னார். வீட்டில் எல்லோருக்குமான மருந்துகளையும் இப்போது அந்தக் கடையிலேயே வாங்குகிறோம்.