ஆபீஸுக்கு எது: டோஸ்ட்மாஸ்டர்ஸா, இம்ப்ரோவா?

ஆபீஸில் பயிற்சிக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கினால் போதும், உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் வேண்டும் என்னும், இன்னொன்று வசனம் எழுதாமல் அந்த நொடியில் தோன்றியதைப் பேசி நடிக்கும் இம்ப்ரோ பட்டறை. இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்று வாய்க்கு, மற்றது காதுக்கு.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் 1924-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. அங்கே எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தயாரித்து வந்த பேச்சென்றால் வழக்கமாக 5 முதல் 7 நிமிடம். 'டேபிள் டாப்பிக்ஸ்' என்றால் தலைப்பே அந்த நேரத்தில்தான் தெரியும். 1 நிமிடத்தில் பச்சை விளக்கு, ஒன்றரையில் மஞ்சள், 2-ல் சிவப்பு. நாம் இழுக்கும் 'ஆ', 'ம்ம்' எல்லாவற்றையும் எண்ண ஓர் ஆள் வேறு. எனக்கு முதல் நாள் 14 வந்தது. மைக்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறவருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் அடுத்தவர் பேசும்போது நாம் மனதுக்குள் நம் பேச்சை ஓட்டிக்கொண்டிருந்தாலும் அங்கே யாருக்கும் தெரியாது.

இம்ப்ரோவில் அந்த வேலை நடக்காது. வயோலா ஸ்போலின் 1930-களின் இறுதியில் சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது உருவாக்கிய விளையாட்டுகள்தான் இதன் வேர். அவர் மகன் பால் சில்ஸ் 1959-ல் சிகாகோவின் 'செகண்ட் சிட்டி' நகைச்சுவை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். முன்னவர் முடித்த சொல்லில்தான் நான் தொடங்க வேண்டும். நம் அந்தாதிதான், வேறென்ன!

"டெஸ்டிங் முடியலை, ரிலீஸைத் தள்ளணும்."

"தள்ளணும் சரி, கிளையன்ட்கிட்ட யார் சொல்றது?"

"சொல்றது நான், ஆனா தேதி நீங்க தரணும்."

கடைசிச் சொல் விழும்வரை பதிலைத் தயார் செய்யவே முடியாது. தமிழில் இது இன்னும் கெட்டி. முடியுமா முடியாதா என்பதே நமக்கு வாக்கியத்தின் வாலில்தானே இருக்கிறது? பாதியில் குறுக்கே விழுகிறவர் மாட்டிக்கொள்வார்.

இம்ப்ரோவின் 'ஆமா, அப்புறம்' (Yes, and) என்ற பிரபலமான விதியைத்தான் பலர் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மேலாளர் சொல்கிற தேதிக்கெல்லாம் தலையாட்டுவது இல்லை அது. எதிராளி சொன்ன நிலவரத்தை இல்லையென்று தட்டாமல் அங்கிருந்து நகர்வது. 'வெள்ளிக்கிழமை வேண்டும், ஆமா. அப்புறம் இந்த மூன்று வேலையில் எதை விடலாம்?' என்பதும் அதில் அடக்கம்.

இம்ப்ரோவின் பலவீனம் பெரிய நாற்காலி. எங்கள் பட்டறையில் மேலாளர் 'நான் சும்மா பார்க்கிறேன்' என்று பின்வரிசையில் உட்கார்ந்தார். மதியம்வரை எல்லோரும் அவருக்காகச் சிரித்தோம். அவரையும் வட்டத்துக்குள் இழுத்த பிறகுதான் ஆட்டம் சூடு பிடித்தது. அப்புறம், ஒருநாள் பட்டறை இரண்டு வாரத்தில் கரைந்துவிடும்; கிளப்போ தவறாமல் கூடிக்கொண்டே இருக்கும்.

மனிதவளத் துறை நடத்தும் ரோல்பிளேயும் உண்டு, அதாவது ஆளுக்கொரு வேடம் கொடுத்து நடிக்க வைப்பது. கோபமான வாடிக்கையாளரைச் சமாளிக்க ஒத்திகை பார்க்க அது போதும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால் கிளப்பைச் சொல்வேன். மீட்டிங்கில் தன் முறைக்காக மட்டும் காத்திருக்கும் மூத்தவர்களுக்கு இம்ப்ரோ, அதுவும் மாதம் ஒரு மணி நேரமாவது, மேலாளரும் வட்டத்துக்குள் நிற்பதாக இருந்தால்.